பட்டாணியின் நமஸ்காரம்

பட்டாணி சாமி கும்பிடுகிறது என்று தெருவுக்கு முதலில் அறிவித்தவர் ஆட்டோ ஓட்டும் சின்னப்பையன். பேர்தான் சின்னப்பையன். ஆளுக்கு ஐம்பது தாண்டி, மூக்குக்கண்ணாடி இல்லாமல் மீட்டர் தெரியாத நிலைக்கு வந்து வெகு காலமாகிறது. ஒரு சனிக்கிழமை காலையில் தெருமுனை ஆஞ்சநேயர் கோயிலில் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிய மனுஷன், திரும்பிய இடத்திலேயே நின்றுவிட்டார்.

"ஏ ஜோதி! ஓடியா! உன் நாயி இன்னா பண்ணிக்கினு கீது பாரு!"

ஜோதிலட்சுமி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினாள். திருவல்லிக்கேணியில் அந்தத் தெருவின் இஸ்திரி வண்டி அவளுடையது. பகலெல்லாம் வண்டிக்கு இந்தப் பக்கம் அவள் நிற்பாள், வண்டிக்கு அடியில் பட்டாணி படுத்திருக்கும். கடற்கரையில் பட்டாணி சுண்டல் விற்பவரின் பின்னாலேயே வந்து, அவர் வீட்டுக்குப் போனதும் போக்கிடம் இல்லாமல் இவள் வண்டிக்கடியில் நுழைந்த குட்டி அது. பழுப்பு உடம்பு, ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். தேய்த்து அடுக்கிய துணிக்கு அதைவிட நல்ல காவல் கிடையாது.

கோயில் என்றதும் கோபுரத்தைத் தேட வேண்டாம். பூசாரி உள்ளே நின்றால் மற்றவர்கள் வெளியேதான் நிற்க வேண்டும், அவ்வளவுதான் இடம். வாசலில் கருங்கல் பதித்திருக்கும். பூசாரி அதைக் காலையில் தண்ணீர் விட்டுக் கழுவுவார். அந்த ஈரக் கல்லில் பட்டாணி முன்னங்கால் இரண்டையும் நீட்டி, நெஞ்சு கல்லில் பட நன்றாகக் குனிந்து, பின்பக்கத்தை மட்டும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது. பார்வை நேரே சன்னதிக்குள் போயிற்று. மனிதர்கள்கூட அவ்வளவு பயபக்தியோடு விழுந்து கும்பிட்டு ஜோதி பார்த்ததில்லை. அவள் கை தானாகக் குவிந்தது. சின்னப்பையன் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

அந்தப் படம் ஊரைச் சுற்றி, மாம்பலத்திலிருக்கும் ஜோதியின் நாத்தனார் வழியாக அவளுக்கே திரும்பி வந்தது. அடுத்த சனிக்கிழமை பெசன்ட் நகரிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கி, நெய் சொட்டும் வெண்பொங்கலை வாழை இலையில் வைத்துப் பட்டாணிக்கு ஊட்டியது. நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். கழுத்தில் சாமந்தி மாலை போட்டார்கள். அனுமாருக்குச் சாத்திய வடை மாலையிலிருந்து வடை வடையாகப் பிய்த்துக் கொடுத்தார்கள். வடை என்றால் பட்டாணி உயிரை விடும், முன்பிருந்தே சனிக்கிழமைகளில் கோயில் வடைக்காக அங்கே போய் நிற்கும். அதுவும் சும்மா சொல்லக்கூடாது, வந்தவர்களை ஏமாற்றாமல் கல்லில் போய்க் குனிந்து காட்டியது.

நம் ஜனங்களுக்கு ஒரு விஷயம் பிடித்துப்போனால் அதற்கு அர்த்தம் கண்டுபிடிக்கச் சொல்லியா தர வேண்டும்! ஒரு சனிக்கிழமை பட்டாணி வடையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. விரதம் இருக்கிறது என்று ஒரு மாமி கண் கலங்கினார். எதிரில் தின்ன ஒன்றுமில்லாதபோதும் அது நாக்கை நீட்டி மூக்கை நக்குவதும் வெறும் வாயை மெல்லுவதுமாக இருந்தது. ராம நாமம் சொல்கிறது என்றார்கள். பட்டப்பகலில் கொட்டாவி கொட்டாவியாக விட்டது. அதற்கு மட்டும் உடனே எதுவும் தோன்றவில்லை. கொஞ்சம் யோசித்து, ராத்திரி முழுக்கக் கோயிலுக்குக் காவல் இருந்திருக்கும் என்று முடிவு செய்தார்கள்.

ஜோதிக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது. "உன் கையால சோறு தின்ன நாயாம்மா இது?" என்று காரில் வந்தவர்கள் கேட்கும்போது அவளுக்குத் தலைகால் புரியாது. இத்தனை வருஷம் அந்தத் தெருவில் துணி தேய்க்கிறாள். யாரும் அவள் பேரைக்கூடக் கேட்டதில்லை.

எல்லோரும் பட்டாணியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியபோது, வாயே திறக்காமல் இருந்தவர் எதிர்வீட்டு அமீனா பீ மட்டும்தான்.

தெருவில் அவரைப் பாயம்மா என்பார்கள். கணவர் மெஹபூப் பாஷா போன பிறகு, மகன் காஷிஃப் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் மருமகள் வேலைக்கும் கிளம்பிவிட்டால் பகலில் தனியாக இருப்பார். தரைத்தள வீடு. தெருவைப் பார்த்த ஜன்னலில் பாதி வரை திரை தொங்கும். மத்தியான வெயில் தாழ்ந்ததும் அந்த ஜன்னலில், தொழுகைக்குப் போடும் வெள்ளைத் துப்பட்டா நிற்பது தெரியும். பிறகு ஜன்னல் திட்டுக்குக் கீழே இறங்கி மறையும், மறுபடி மேலே வரும். ஜோதிக்கு அதுதான் கடிகாரம். அந்த வெள்ளை கடைசியாக எழுந்து போனால் டீ குடிக்கும் நேரம் ஆயிற்று என்று அர்த்தம்.

அமீனா பீக்கும் பட்டாணிக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. நாயின் எச்சில் பட்டால் அந்தத் துணியோடு தொழ முடியாது, கழுவியாக வேண்டும். அதனால் அவர் தெருவில் இறங்கினாலே சேலையைக் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொள்வார். "அங்கியே நில்லுடா" என்பார். பட்டாணியும் அவர் வாசற்படிக்கு ஒரு முழம் தள்ளியே நின்றுவிடும். மத்தியானம் மிஞ்சிய ரொட்டியை அவர் படியோரம் வைத்துவிட்டு உள்ளே போன பிறகுதான் வந்து எடுக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட அவர் அதைத் தொட்டதில்லை. மற்றவர்கள் எல்லாம் தடவிக் கொடுத்தார்கள். அவருக்கு வாய்த்தது பார்ப்பது மட்டும்தான், அதனால் நன்றாகப் பார்த்தார்.

அவர் பார்வையின் அருமை ஜோதிக்குத் தெரியாததல்ல. ஒருநாள் பார்சல் கொண்டுவந்த ஆள், பட்டாணி வாலை ஆட்டுவதைக் கண்டு கொஞ்சக் குனிந்தான். ஜன்னலிலிருந்து அமீனா பீ அதட்டினார். "கைய வெக்காத! வாலு மட்டுந்தான் ஆடுது, உடம்பு கட்டையாட்டம் நிக்குது பாரு. வாயி மூடிக்கிச்சு." அவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். பட்டாணி உறுமிய உறுமலில் பார்சலை விட்டுவிட்டு ஓடினான். சந்தோஷமாக இருந்தால் வாலோடு சேர்த்து இடுப்பே ஆடுமாம், வாய் தொளதொளவென்று திறந்திருக்குமாம். ஜோதி அன்றைக்கு மூக்கின் மேல் விரல் வைத்தாள். நாயை வளர்ப்பவள் இவள், அதன் மனசைப் படிப்பவர் அவர்.

அப்படிப்பட்டவர்தான், பட்டாணி வடையைத் தொடாத வாரத்துக்கு அடுத்த சனிக்கிழமை, கூட்டம் சேர ஆரம்பித்த வேளையில், படியில் நின்றபடி ஜோதியைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஜோதி, நா ஒண்ணு சொன்னா கோச்சிக்காத. அது சாமி கும்பிடல. அதுக்கு வயிறு வலிக்குது."

ஜோதிக்குச் சுருக்கென்றது. "இன்னா பாயம்மா பேசற நீ? ஊரே பாத்துக்கினு கீது. உனக்கு மட்டும் வலி தெரியுதா?"

"வெளாட்டுக்கும் அது அப்பிடிதான் குனியும். ஆனா வெளாடும்போது பொடேர்னு எழுந்து குதிக்கும், வாலு சுத்தும். இது குனிஞ்சா எழவே மாட்டேங்குது. வாலு கால் சந்துல கீது. நேத்து மத்தியானம் வெச்ச ரொட்டியும் இன்னும் படியிலயே கெடக்குது. எழுந்து நடந்தா முதுகு வில்லாட்டம் வளையுது. நீ கவனிக்கல?"

"கோயிலாண்டதான போய் குனியுது? வேற எங்கியும் குனியலயே!"

"அந்தக் கல்லு சில்லுனு கீது, அதான்."

ஜோதிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கிடைக்காத ஒரு பெருமை கிடைத்திருக்கிறது, அதையும் பிடுங்க ஓர் ஆளா என்று ஆத்திரம். "நாயி பக்கத்துல வந்தாலே சேலைய ஒதுக்கிக்கிற ஆளு நீ. உனக்கு இன்னா தெரியும் அதோட பக்தி?"

சொன்ன பிறகுதான் சொன்னது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது. அமீனா பீ முகம் சுருங்கியது. ஆனால் உள்ளே போகவில்லை. படியில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும் ஜோதி. நா அப்பிடி இருந்தேன்."

ஜோதிக்குப் புரியவில்லை.

"ஆபரேசனுக்கு முன்னால எனக்கு வயித்துல அப்பிடி ஒரு வலி. முதுகு வரைக்கும் போவும். நமாஸ்ல சஜ்தா பண்ணும்போது, நெத்திய தரையில வெச்சு மடங்கி இருக்கோமில்ல, அப்போ மட்டும் வலி கொஞ்சம் விட்டுக் குடுக்கும். எழுந்தா திரும்பக் கடிக்கும். அதனால எழமாட்டேன். அப்பிடியே கெடப்பேன். என் காஷிஃபு அவன் மாமனார் வீடு பூராவும் போய்ச் சொன்னான், எங்க அம்மிக்கு தொழுகை எவ்ளோ நீளமா ஆயிடுச்சு பாருங்கன்னு. எல்லாரும் மெச்சிக்கினு இருந்தாங்க. சாப்பிடாம தட்ட தள்ளினா, தானா விரும்பி வெக்கிற நஃபில் நோம்பு வெச்சிருக்காங்கன்னாங்க."

"நீ சொல்லியிருக்கலாமில்ல பாயம்மா?"

"அவ்ளோ மெச்சறவங்க கிட்ட வயித்துவலின்னு எப்பிடிச் சொல்றது? கூச்சமா இருந்துச்சு. கடைசில பாத்ரூம்ல மயங்கி விழுந்தப்புறந்தான் தூக்கிக்கினு ஓடுனாங்க. பித்தப்பையில கல்லு. அது நழுவிப் போய் கணையம் பூரா வீங்கிப்போச்சுன்னாங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நா இல்ல." அவர் கோயில் பக்கம் பார்த்தார். "வாயி இருந்த எனக்கே சொல்ல வரல. அது பாவம்."

 அந்த நாட்கள் ஜோதிக்கு நினைவிருந்தன. ஜன்னலில் வெள்ளைத் துப்பட்டா கீழே இறங்கும், இறங்கியது வரவே வராது. டீக்கு நேரமாகிறதே என்று இவள் எட்டி எட்டிப் பார்ப்பாள். பாயம்மாவுக்கு வயசாக ஆகப் பக்தி கூடுது என்று சின்னப்பையனிடம் அவளே மெச்சிப் பேசியிருக்கிறாள்.

அவள் கோயிலுக்கு ஓடினாள். பட்டாணி கல்லில் குனிந்திருந்தது. சுற்றிலும் போன்கள். பார்த்த அதே நாய், பார்த்த அதே குனிவு, ஆனால் இப்போது வேறு என்னவோ தெரிந்தது. காதுகள் பின்னால் ஒட்டிக் கிடந்தன. கண்ணோரம் வெள்ளை தெரிந்தது. அது சன்னதியைப் பார்க்கவில்லை, எதையுமே பார்க்கவில்லை. அவ்வப்போது கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே ஒரு பார்வை பார்த்தது, அங்கே யாரோ நின்று அடிக்கிற மாதிரி. ஜோதி பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றில் மெல்லக் கை வைத்தாள். பலகைபோல இறுகிக் கிடந்தது. பட்டாணி திரும்பி அவள் மணிக்கட்டைப் பல்லால் பிடித்தது. கடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல அதனிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"ஐயோ என் கண்ணு," என்று அவளுக்குக் குரல் உடைந்தது.

"அம்மா, தள்ளுங்க, மறைக்குது" என்றார் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர். இன்னொருவர் நெய்ப் பொங்கலோடு குனிந்தார். அந்த வாசனை பட்டதும் பட்டாணி எக்கி எக்கி மஞ்சளாக வாந்தி எடுத்தது.

"யாரும் எதையும் குடுக்காதீங்க!" ஜோதி கத்திய கத்தலில் பூசாரியே தீபத்தட்டோடு வெளியே வந்தார். "அது கும்பிடல! வலில துடிக்குது! நாம சுத்தி நின்னு வேடிக்க பாத்துக்கினு கீறோம்!"

சாமி காரியத்தில் குறுக்கே வரலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். பூசாரி நாயையும் வாந்தியையும் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "வலிக்கறத தூக்கிண்டு போறது தப்புன்னு எந்தச் சாமி சொல்லித்து? வழிய விடுங்கோ" என்றார்.

தூக்கிப் போக ஒரு துணி வேண்டும். ஜோதி வண்டியில் கைக்குக் கிடைத்த பெட்ஷீட்டை உருவினாள். அது அமீனா பீ வீட்டுப் பெட்ஷீட். சற்று முன்தான் மடிப்புக் கலையாமல் தேய்த்து வைத்தது. உருவிய பிறகு நினைவு வந்து அவள் திரும்பிப் பார்த்தாள். அமீனா பீ புர்கா மாட்டிக்கொண்டு ஆட்டோ பக்கமாக வந்துகொண்டிருந்தார்.

"பாக்காத, சுத்து" என்றார்.

சின்னப்பையன் அன்று ஓட்டிய ஓட்டத்தை அவர் எந்தக் கல்யாண முகூர்த்தத்துக்கும் ஓட்டியதில்லை. பின் சீட்டில் ஜோதி பட்டாணியின் உடம்பை மடியில் தாங்கியிருந்தாள். அமீனா பீ மறு ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி இருக்கிற வேப்பேரி நெருங்கும்போது பட்டாணியின் தலை நழுவி, வழிகிற எச்சிலோடு அவர் மடியில் போய்ச் சாய்ந்தது. ஜோதி பதறி இழுக்கப் போனாள்.

"வுடு" என்றார் அமீனா பீ. "இழுத்தா வலிக்கும்."

"பாயம்மா, உன் துணி..."

"துணிதான. கழுவினா போச்சு."

கொஞ்ச நேரம் கழித்து அவர் கை, இத்தனை வருஷம் எட்ட வைத்திருந்த கை, அந்த மடிந்த காதின் மேல் மெல்ல இறங்கியது. ஜோதி வெளியே திரும்பிக்கொண்டாள். காலையில் தன் வாயிலிருந்து வந்த வார்த்தையை நினைத்து அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. 

கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ரத்தம் எடுத்து, ஸ்கேனும் செய்தார். கணையம் வீங்கியிருக்கிறது என்றார். எண்ணெயும் நெய்யுமாக நிறையத் தின்றதா என்று கேட்டார். வடை மாலைக் கதையை ஜோதி சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. "முன்கால நீட்டிக் குனியறது வயித்து வலிக்கு ஒரு பெரிய அடையாளம். நெறைய பேரு சோம்பல் முறிக்குதுன்னு விட்டுருவாங்க. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

ஜோதி அமீனா பீயைப் பார்த்தாள். அமீனா பீ மடியிலிருந்த ஈரத்தைப் பார்த்தபடி, "பாத்துக்கினே இருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

பிழைக்கும் என்று டாக்டர் உடனே சொல்லிவிடவில்லை. தினமும் டிரிப் ஏற்ற வேண்டும், அப்புறம்தான் தெரியும் என்றார். ஜோதி வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு தினமும் சின்னப்பையன் ஆட்டோவில் பட்டாணியோடு போனாள். ஊசி ஏறும்போது அது அவள் முழங்கையில் மூக்கை நுழைத்துக்கொள்ளும். ஒருநாள் காலை, கொழுப்பில்லாமல் வேகவைத்த கோழியும் சோறும் பிசைந்து வைத்தபோது, முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு வாய் தின்றது. வாந்தி எடுக்கவில்லை. ஜோதி நடுத்தெருவில் நின்று, "தின்னுடுச்சு பாயம்மா!" என்று கூவினாள். ஜன்னலில் அமீனா பீ இரண்டு கையையும் ஏந்தி மேலே பார்த்தார்.

கோயிலுக்குக் கூட்டம் குறைந்துபோயிற்று. காரில் வந்தவர்கள் வருவதில்லை. வடையைக் கண்ணால்கூடக் காட்டக்கூடாது என்று பூசாரியே எல்லோரையும் விரட்டினார். ஒரு சாயங்காலம் அமீனா பீ ரொட்டித் துண்டோடு படியில் வந்து நின்றார். பட்டாணி பழைய ஒப்பந்தப்படி ஒரு முழம் தள்ளி நின்றது. நின்றது திடீரென்று முன்னங்காலை நீட்டிக் குனிந்து பின்பக்கத்தைத் தூக்கியது. ஜோதி கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"பயப்படாத" என்றார் அமீனா பீ. "வாலப் பாரு."

வால் சுற்றிக்கொண்டிருந்தது, இடுப்பும் சேர்ந்து ஆடியது. அடுத்த நொடி பட்டாணி துள்ளி எழுந்து, தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி குனிந்து, ஒரு குரைப்புக் குரைத்தது. வாய் காது வரை திறந்திருந்தது. விளையாடக் கூப்பிடுகிறது. தொடக்கூடாத அந்த மனுஷியைத்தான் கூப்பிடுகிறது. அமீனா பீ சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

இப்போதும் வெயில் தாழ்ந்ததும் அந்த ஜன்னலில் வெள்ளைத் துப்பட்டா தெரியும். அது திட்டுக்குக் கீழே இறங்கும்போது ஜோதி இஸ்திரிப் பெட்டியை ஓட்டுவதை நிறுத்திவிடுவாள். வெள்ளை மேலே வந்த பிறகுதான் கை நகரும். டீக்காக இல்லை. அவளுக்கு இப்போது டீ நினைவே இருப்பதில்லை.

அன்றைக்கு ஒருநாள் வெள்ளை இறங்கியது, வரவில்லை. ஜோதி பார்த்தாள். இன்னும் வரவில்லை. பட்டாணியும் வண்டிக்கடியிலிருந்து எழுந்து நின்று அந்தப் பக்கமே பார்த்தது. தொழுகையில் இருப்பவரைக் கூப்பிடவும் கூடாது. அவள் தெருவைத் தாண்ட ஓர் அடி எடுத்து வைத்தபோது, வெள்ளை மெதுவாக மேலே வந்தது. தொழுகை முடிந்து அமீனா பீ திரையை விலக்கினார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல ஜோதி. மருமவ மாசமா கீறா, அதுக்கு அல்லாகிட்ட கொஞ்சம் ஜாஸ்தி கேட்டுக்கினு இருந்தேன்." பிறகு மூக்கைச் சுளித்தார். "பொட்டியத் தூக்குடி மொதல்ல, எவன் சட்டையோ கருகுது!"